குழந்தையின் மூச்சை எண்ணத் தெரியுமா?

மூக்கு ஒழுகாத குழந்தை உலகத்தில் உண்டா? ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். மார்கழிப் பனி விலகுகிற வரைக்கும் இதே கதை. "புள்ளைக்குச் சளி கட்டிக்கிச்சு" என்று ஒரு வீட்டில் சொன்னால், "எங்க வீட்டுலயும்தான்" என்று எதிர்வீட்டிலிருந்து பதில் வரும். இப்படிச் சளி பிடிக்கிற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. ஒரு சிலருக்கு மட்டும் சளி நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாகிறது. கபவாத ஜுரம் என்று நம் பெரியவர்கள் பயந்தது இதைத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். 2019-ஆம் வருஷத்தில் மட்டும் ஐந்து வயது நிரம்பாத 7,40,180 குழந்தைகள் உலகெங்கும் நிமோனியாவால் இறந்திருக்கிறார்கள். அந்த வயதில் நேர்ந்த மரணங்களில் இது 14 சதவிகிதம். இத்தனையும் கொரோனா வருவதற்கு முந்தைய வருஷத்துக் கணக்கு!

அந்த ஒரு சில குழந்தைகள் யார்? அவர்களை முன்கூட்டியே அடையாளம் தெரிந்துகொள்ள முடியுமா? தாய்மார்களாகிய நாம் யோசிக்க வேண்டியது இதைத்தான். கொரோனா காலம் இதற்கு ஒரு தெளிவான விடையைத் தந்துவிட்டுப் போயிருக்கிறது.

கொரோனா கற்றுக்கொடுத்த பாடம்

2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 7-ல் தமிழ்நாட்டில் முதல் நோயாளி. மே மாதம் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாக எங்கள் கடலூர் மாவட்டத்தில் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தொற்று பரவியது. அன்றைக்குப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாம் பட்ட பயம் கொஞ்சமா நஞ்சமா? 2021-ல் இரண்டாவது அலை ஓய்ந்ததும், "அடுத்த அலை குழந்தைகளைத்தான் தாக்குமாம்" என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் பரவி, பல தாய்மார்களின் தூக்கத்தைக் கெடுத்தது.

உண்மையில் நடந்தது என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நாடு முழுவதும் ரத்தப் பரிசோதனை நடத்தியது. 6 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் கொரோனாவுக்கான எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் இருந்தது. அதாவது, அத்தனை பிள்ளைகளுக்கும் நோய் வந்து, பல வீடுகளில் அம்மாவுக்குக்கூடத் தெரியாமல், போயும்விட்டது! பெரியவர்களை ஆட்டி வைத்த அதே கிருமி, பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாள் ஜுரமாகவே இருந்து விலகியது.

ஆனாலும் சில குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்துப் படுக்க நேர்ந்தது. சில குடும்பங்கள் குழந்தையைப் பறிகொடுக்கவும் நேர்ந்தது. அப்படிக் கஷ்டப்பட்டவர்கள் யாரென்று பல நாட்டு மருத்துவர்களும் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான இடங்களில் ஒரே மாதிரியான விடைதான் வந்தது: உடம்பில் ஏற்கெனவே ஏதாவது ஒரு சுமையைத் தாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் அவர்களில் அதிகம். கொரோனா மட்டுமல்ல, எந்தக் கிருமியால் நிமோனியா வந்தாலும் இந்தக் கணக்கு ஏறக்குறைய பொருந்தும். ஆகவே நம் பிள்ளைக்கு அந்தச் சுமை ஏதாவது இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

யாருக்கு அதிகக் கவனம் வேண்டும்?

ஒரு வயது நிரம்பாத சிசுக்கள்: கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் மெல்லியது. இளநீர் குடிக்கிற குழலையும் டானிக் பாட்டிலோடு வருகிற சின்னக் குழலையும் நினைத்துப் பாருங்கள். பெரிய குழலில் கொஞ்சம் வழுக்கை மாட்டினாலும் இளநீர் வரும். சின்னதில் துளி அடைத்தாலும் நின்றுவிடும். பெரியவர்களின் மூச்சுக்குழாய் கொஞ்சம் வீங்கினால் இருமலோடு போகும். அதே வீக்கம் சிசுவுக்கு வந்தால் காற்றுப் போகிற வழியே பாதியாகிவிடுகிறது. அதோடு விலா எலும்புகளும் இளசு. சிரமப்பட்டு மூச்சு வாங்கினால் அந்தப் பிஞ்சுத் தசைகள் சீக்கிரமே களைத்துப் போகும்.

குறைமாதத்தில் பிறந்தவர்கள்: நுரையீரல் முழுதாக வளர்வதற்கு முன்பே உலகத்துக்கு வந்துவிட்ட குழந்தைகள் இவர்கள். தாயிடமிருந்து கடைசி மாதங்களில் கிடைக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியும் இவர்களுக்குக் குறைவு. பிறகு எடை கூடி, பார்வைக்கு மற்றக் குழந்தைகளைப் போலவே ஆகிவிட்டாலும், முதல் இரண்டு வருஷம் இவர்களுக்குச் சளி பிடித்தால் அலட்சியம் கூடாது.

பிறவியிலேயே இருதயக் கோளாறு உள்ளவர்கள்: இருதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்ன குழந்தைகள். பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து, நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கும் குழந்தைக்கு இருதயப் பரிசோதனை செய்தீர்களா? இல்லையென்றால் தள்ளிப் போடாதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இருதய ஆபரேஷனும் சேர்ந்திருக்கிறது.

நரம்பு, மூளை வளர்ச்சிக் குறை உள்ளவர்கள்: கழுத்து சரியாக நிற்காத, கைகால் இறுகிய குழந்தைகள், அடிக்கடி வலிப்பு வருகிற குழந்தைகள். இவர்களால் பலமாக இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. விழுங்கும்போது பாலும் எச்சிலும் நுரையீரல் பக்கம் போய்விடும். டவுன் சிண்ட்ரோம் என்கிற பிறவி நிலை உள்ள குழந்தைகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

நீண்ட நாள் வியாதி உள்ளவர்கள்: சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள், சிறுநீரக நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுநோய் வைத்தியத்தில் இருப்பவர்கள், அடிக்கடி இழுப்பு வந்து சரியாக மருந்து எடுக்காதவர்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தவர்களிடம் முன்னணியில் தெரிந்த காரணங்கள் இரண்டு. ஒன்று இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை வியாதி. மற்றொன்று உடல் பருமன்.

சத்துக் குறைந்தவர்கள்: வயதுக்கேற்ற எடை இல்லாத குழந்தையின் உடம்பில் கிருமியோடு போராடத் தெம்பு இல்லை. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்ப்பது இதற்காகத்தான். அட்டையில் உள்ள கோடு மேலே ஏறாமல் இரண்டு மாதம் படுத்தே கிடந்தால், அதுவே முதல் எச்சரிக்கை.

ஒரு குழந்தைக்கு இதில் இரண்டு மூன்று சுமைகள் சேர்ந்தே இருந்தால் ஆபத்தும் சேர்ந்தே ஏறும். இந்தப் பட்டியல் பயமுறுத்துவதற்காக இல்லை. பட்டியலில் உள்ள குழந்தைகளிலும் பெரும்பாலோர் நோயிலிருந்து நல்லபடியாக மீள்கிறார்கள். "இவனுக்குச் சளி என்றால் ஒரு நாள் முன்னதாகவே டாக்டரிடம் காட்ட வேண்டும்" என்று நாம் தெரிந்து வைத்துக்கொள்வதற்காகத்தான் இது.

கொழுகொழு குழந்தை

மேலே உடல் பருமன் என்று படித்ததும் சிலருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். "கன்னம் ரெண்டும் பூரி மாதிரி இருந்தாத்தான் புள்ளைக்கு அழகு" என்பதுதானே நம் வீடுகளில் பேச்சு! கைக்குழந்தை தாய்ப்பாலில் புஷ்டியாக இருப்பது வேறு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை சிப்ஸும் பிஸ்கட்டும் குளிர்பானமுமாக ஊதிப்போவது வேறு. வயிற்றிலும் மார்பிலும் கொழுப்பு ஏறிய பிள்ளைக்கு நுரையீரல் முழுதாக விரிய இடம் குறைகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் சரியாக வேலை செய்வதில்லை.

எங்கள் டவுன்ஷிப்பில் மரநிழல் உள்ள அகலமான சாலைகளும் மைதானங்களும் இருக்கின்றன. இருந்தும் பிள்ளைகள் சாயங்காலம் செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஓடி விளையாடச் செய்தாலே பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

அடுப்புப் புகையும் ஊதுபத்தியும்

நெய்வேலிக்காரர்களுக்கு 'லெகோ' ஞாபகம் இருக்கும். பழுப்பு நிலக்கரியை அழுத்திச் சுட்டு இங்கே தயாரித்த கரி அது. காஸ் அடுப்பு பரவலாக வருவதற்கு முன்னால் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் லெகோ அடுப்பில்தான் சோறு வெந்தது. இன்றைக்கு டவுன்ஷிப் வீடுகளில் காஸ் வந்துவிட்டது. சுற்றியுள்ள கிராமங்களில் முந்திரி விறகு இன்னும் எரிகிறது. வெந்நீருக்கு மட்டுமாவது விறகு வைக்கிறார்கள்.

வீட்டுக்குள் அடுப்புப் புகை சூழ்ந்திருந்தால் குழந்தைக்கு நிமோனியா வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே விறகு வைத்தே தீர வேண்டுமென்றால் அடுப்பை வெளியே வையுங்கள். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு ஊதுகுழல் ஊதாதீர்கள். சிசு தூங்கும் அறையில் கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம், வலைதான் நல்லது. குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். வாசனை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு அதுவும் புகைதான். வீட்டு ஆண்கள் சிகரெட், பீடி பிடித்தால் வாசலோடு நிறுத்தச் சொல்லுங்கள். இதைக் கேட்க நமக்குச் சங்கோஜமே வேண்டாம்.

மூச்சை எண்ணுவது எப்படி?

இனி தலைப்புக்கு வருவோம். நிமோனியாவை வீட்டிலேயே சந்தேகிக்க எந்தப் பெரிய கருவியும் தேவையில்லை. விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம் போதும். செல்போனில் உள்ளதும் சரிதான்.

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையை மேலே தூக்கிவிடுங்கள். வயிறும் மார்பும் ஒருமுறை எழும்பித் தாழ்ந்தால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிஷம், அதாவது 60 விநாடியும் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குகிற குறுக்கு வழி குழந்தைகளிடம் பலிக்காது. அவர்களின் மூச்சு ஒரே சீராக இருப்பதில்லை. ஜுரம் அதிகமாக இருந்தால் மூச்சும் கொஞ்சம் வேகமாகும். ஆகவே ஜுரம் தணிந்த பிறகு இன்னொரு தடவையும் எண்ணிப் பாருங்கள்.

இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

2 மாதம் நிரம்பாத குழந்தை: நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்.

2 மாதம் முதல் ஒரு வயது நிரம்பும் வரை: 50 அல்லது அதற்கு மேல்.

ஒரு வயது முதல் 5 வயது நிரம்பும் வரை: 40 அல்லது அதற்கு மேல்.

இந்த அளவைத் தொட்டால் அது வேக மூச்சு. வெறும் சளி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இன்னொரு தடவை எண்ணிச் சரிபார்த்துவிட்டு உடனே கிளம்புங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் மகனுக்கு அப்போது மூன்று வயது. பிறவியிலேயே கைகால் இறுக்கம், பேச்சும் வராது. "எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத புள்ளைக்கு, மூச்சுதான்க்கா பேச்சு" என்பாள் அவள். ஒரு சுகாதார நர்சிடம் கேட்டு, சளி பிடிக்கும்போதெல்லாம் அவன் மூச்சை எண்ணி காலண்டர் ஓரத்தில் எழுதி வைப்பாள். வழக்கமாக 28, 30 என்று இருக்கும். ஒருநாள் ராத்திரி 38 ஆனது. விடியற்காலையில் 52. கணவர் நைட் ஷிப்டில் இருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்பிவிட்டாள். உடம்பில் பிராணவாயு குறையத் தொடங்கிய நேரத்திலேயே போய்ச் சேர்ந்ததால், ஆறு நாளில் பையனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அவள் படித்தது எட்டாம் வகுப்பு. கடிகாரம் பார்க்கத் தெரிந்ததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

உடனே கிளம்ப வேண்டிய அடையாளங்கள்

மூச்சு எண்ணிக்கை எப்படியிருந்தாலும், கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி, விலாவுக்குக் கீழே, குழியாக உள்வாங்குவது.

ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்குத் துவாரம் விரிவது, முனகல் சத்தம், அமைதியாக இருக்கும்போதும் தொண்டையில் கரகரவென்று இழுப்பது.

பால் குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது.

வலிப்பு வருவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது.

உதடு, நாக்கு, நகம் நீலம் பாரிப்பது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கும். விரலில் மாட்டிப் பார்க்கையில் 94-க்குக் கீழே காட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தையின் சின்ன விரலில் பெரியவர்களின் கருவி சரியாகப் பொருந்தாது. விரல் ஜில்லென்று இருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் தப்பாகக் காட்டும். ஆகவே கருவி நல்ல எண் காட்டுகிறதே என்று, நெஞ்சு குழி விழுவதைப் பார்த்தும் சும்மா இருந்துவிடாதீர்கள். கருவியைவிடக் குழந்தையைப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

மாந்தம், கணை என்று சொல்லி வயிற்றில் சூடு போடுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது: இவை மூன்றும் வேண்டவே வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய், அதுவே ஒரு தனி நிமோனியாவை உண்டாக்கும்.

கொரோனா காலத்தில் ஆவி பிடிப்பது ஒரு பழக்கமாகவே ஆயிற்று. கொதிக்கும் பாத்திரம் சாய்ந்து வெந்துபோன குழந்தைகள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. மூக்கடைப்புக்கு டாக்டர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். சூடத்தைப் பொடித்து மார்பில் தடவுவதும் ஆபத்து. அது வாய்க்குள் போனால் வலிப்பு வரும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. ஜுரத்துக்கு ஆஸ்பிரின் கூடாது. பாராசிட்டமால் மட்டும், அதுவும் குழந்தையின் எடைக்கு டாக்டர் எழுதிய அளவில்.

முக்கியமாக இருமல் மருந்து. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷப்பொருள் கலந்திருந்தது பரிசோதனையில் தெரிந்தது. அதையடுத்து மத்திய சுகாதாரத் துறை மறுபடியும் எச்சரித்தது: 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் எழுதவே கூடாது; 5 வயது வரைக்கும் பொதுவாக வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கிக் கொடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுவோம். போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுப்பதும் இதே போன்ற தவறுதான்.

இன்னொரு விஷயம். சளி, ஜுரம் வந்துவிட்டதே என்று வலிப்பு மாத்திரையையோ இன்சுலினையோ இழுப்புக்கான ஸ்பிரேயையோ நாமாக நிறுத்தக் கூடாது. சுமை உள்ள குழந்தைக்கு அந்த மருந்துதான் ஊன்றுகோல்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்

நிமோனியாவைத் தடுக்கும் ஊசிகள் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியை இந்தியாவில் முதன்முதலாக 2011 டிசம்பரில் நம் தமிழ்நாடும் கேரளமும்தான் தொடங்கின. அது 6, 10, 14-ஆவது வாரங்களில். நியூமோகாக்கல் ஊசி 2021-லிருந்து தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்திலேயே கிடைக்கிறது; 6, 14-ஆவது வாரங்களிலும் 9-ஆவது மாதத்திலும். தட்டம்மை - ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. தட்டம்மை கண்ட குழந்தைக்கு அதைத் தொடர்ந்து நிமோனியா வருவது சகஜம். அதனால் இதையும் தவறவிடக் கூடாது.

2020-ல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பூசிகள் தவறிப்போயின. அந்தச் சமயத்தில் பிறந்த குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் அட்டையை மறுபடியும் சரிபாருங்கள். விட்டுப்போன ஊசியில் எதை இப்போது போடலாம் என்று டாக்டர் சொல்லுவார்.

ஜுரம் போன பிறகும் ஒரு கண்

2020-ல் சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் ஆஸ்பத்திரி டாக்டர்கள், கொரோனாவோடு உடம்பு முழுவதும் கடுமையான அழற்சி கண்ட 8 வயதுச் சிறுவன் ஒருவனைக் குணப்படுத்தி, அதை 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தப் புதிய நிலையைப் பற்றி நம் நாட்டிலிருந்து வந்த முதல் குறிப்புகளில் அதுவும் ஒன்று. தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள், நோய் போய்விட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும் நேரத்தில், சில பிள்ளைகளுக்கு இது வரலாம். விடாத ஜுரம், கண் சிவப்பு, தோலில் தடிப்பு, கடுமையான வயிற்றுவலி, வாந்தி, துவண்டு போவது ஆகியவை அடையாளங்கள். இருதயத்தைப் பாதிக்கக்கூடியது. சீக்கிரம் கண்டுபிடித்தால் வைத்தியம் உண்டு. இது முன்பு நல்ல ஆரோக்கியமாக இருந்த பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. ஆகவே "நம்ம புள்ளைக்குத்தான் எந்தக் குறையும் இல்லையே" என்று இருந்துவிடக் கூடாது.

தாய்மார்கள் கேட்கும் சில கேள்விகள்

"எனக்கே கொரோனா வந்தால் பால் கொடுக்கலாமா?" தாராளமாகக் கொடுக்கலாம். கையை சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் அணிந்துகொண்டு கொடுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது நிமோனியாவுக்கு எதிரான மிகப் பெரிய காப்பு.

"குழந்தைக்கும் முகக்கவசம் போட வேண்டுமா?" 5 வயதும் அதற்குக் கீழும் வேண்டாமென்று மத்திய சுகாதாரத் துறை 2021 ஜூனில் வெளியிட்ட குறிப்பில் இருக்கிறது. சளி பிடித்த பெரியவர்கள் போட்டுக்கொள்வதும், குழந்தையை முத்தமிடாமல் இருப்பதும்தான் பயன் தரும்.

"கொரோனாதான் போய்விட்டதே?" அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2023 மே 5-ல். கிருமி மட்டும் எங்கும் போகவில்லை. 2025 மே, ஜூன் மாதங்களில்கூட நாட்டில் கொஞ்சம் தலைதூக்கியது. அதோடு ஃப்ளூ முதலான மற்றக் கிருமிகளும் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன.

"குளிர்ந்த தண்ணியில விளையாடினா நிமோனியா வருமா?" தண்ணீரால் வருவதில்லை, கிருமியால் வருகிறது. பெரும்பாலும் அதைக் கொண்டுவந்து சேர்ப்பது இருமுகிற மனிதர்களும் கழுவாத கைகளும்தான்.

ஒரு தாளில் எழுதி வையுங்கள்

கடைசியாக ஒரு சின்ன வேலை. இன்றைக்குச் சமையல் முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எத்தனையாவது மாதத்தில் பிறந்தது, இப்போதைய எடை, தினமும் சாப்பிடும் மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் வரிசையாக எழுதுங்கள். குழந்தை நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணி, அந்த எண்ணையும் எழுதுங்கள். நல்ல நாளில் எத்தனை என்று தெரிந்திருந்தால்தான், கெட்ட நாளில் எத்தனை கூடியிருக்கிறது என்று புரியும். கீழே 60, 50, 40 என்ற மூன்று எண்களையும், அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற நம்பர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு, எங்கே இருக்கிறது என்பதை வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் சொல்லி வையுங்கள். மூச்சு எண்ணுவதை அவர்களுக்கும் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். நாம் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துக்கூடக் குழந்தைக்கு மூச்சு வாங்கலாம் இல்லையா?